உண்ணிச்செடி வெட்டும் ஆட்களுக்கு உண்ணிக்கடி, கொப்புளம், அரிப்பு: என்ன செய்யலாம்?

கூடலூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கூடலூர் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் உண்ணிச்செடி (லண்டானா புதர்) வெட்டி வேரோடு எடுக்கும் வேலை நடக்கிறது. நான் அங்கே சூப்பர்வைசர், சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மொத்தம் 18 பேர், அதில் 11 பேர் பெண்கள். பாதிப் பேர் பக்கத்துப் பணியர் பழங்குடிக் காலனியிலிருந்து வருகிறார்கள்.

இந்த மூன்று வாரத்தில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். முதல் வாரமே நாலு பேருக்குக் கால் முழுக்க உண்ணி. ஒரு அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார், கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் கசகசாவைத் தூவியது போல இருந்தது, நான் மண் என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன், அது நகர்ந்தது. இரண்டாவது வாரம் ஒரு தம்பி புதரை இழுக்கும்போது மேலே படர்ந்திருந்த கொடியிலிருந்து தூசி மாதிரி ஏதோ கழுத்தில் கொட்டி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான், அவ்வளவு அரிப்பு. நேற்று இன்னொரு அண்ணனுக்கு இரண்டு கையிலும் கொப்புளம், முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. அவர் அந்தப் பக்கத்தில் ஒரு மரத்தின் கிளையை வெட்டியது முந்தாநாள், அதனால் மரம்தான் காரணமா என்றும் புரியவில்லை.

கையுறை கேட்டேன், பருத்தி நூல் கையுறை வந்தது. பூட்ஸ் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. காட்டு வேலை என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்கிறார்கள். ஆனால் இந்த 18 பேரையும் தினமும் காலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது நான்தான், எனக்கு மனசு கேட்கவில்லை. குரங்குக் காய்ச்சல் பற்றியும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெரிய செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது என்ன?


செவிலி அக்கா எழுதியது:

தம்பி, கேட்டதற்கு முதலில் நன்றி, பெரும்பாலும் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் எங்களிடம் வருவார்கள். மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் பேப்பர்களில் "உண்ணிக் காய்ச்சல்" என்று போடுவது ஸ்க்ரப் டைஃபஸ். அது நீ காலில் பார்த்த உண்ணியால் வருவதில்லை. புதர், புல், சருகில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது, அந்தக் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. குரங்குக் காய்ச்சல் வேறு, அது உண்மையான உண்ணியால் வருவது, வைரஸ். இரண்டும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்றுதான் தொடங்கும், ஆனால் ஸ்க்ரப் டைஃபஸுக்கு நல்ல மருந்து இருக்கிறது, குரங்குக் காய்ச்சலுக்கு இல்லை. அதனால்தான் இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

ஸ்க்ரப் டைஃபஸில் பூச்சி கடித்த இடத்தில் பல பேருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு வரும், சிகரெட்டால் சுட்டது மாதிரி, சுற்றிலும் சிவந்திருக்கும். ஒரு அம்மாவை என்னால் மறக்கவே முடியாது. தேயிலைத் தோட்டத்தில் களை எடுப்பவர், ஒன்பது நாள் காய்ச்சல், இரண்டு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார், மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை. திரை போட்டு, உடையை மாற்றச் சொல்லிப் பார்த்தபோதுதான் பாவாடை நாடா இறுகும் இடத்தில், மடிப்புக்குள்ளே, மிளகு அளவுக்கு அந்தப் பொருக்கு இருந்தது. வலிக்கவில்லை, அரிக்கவில்லை, அதனால் அவருக்கே தெரியவில்லை. டாக்டர் டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்தார். இந்த மருந்து விலை குறைந்தது, அரசு மருத்துவமனையில் கிடைக்கும். தாமதமானால்தான் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிருக்கே ஆபத்தாகிறது. கர்ப்பிணி என்றால் டாக்டர் வேறு மருந்து தருவார், அதைக் கட்டாயம் சொல்லச் சொல்.

பூச்சி கடித்து ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும். அதனால் உன் ஆட்களுக்கு ஒன்றை மனப்பாடம் செய்து கொடு: வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாலும், ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்ததும் முதலில் "நான் காட்டில் புதர் வெட்டினேன்" என்று சொல்ல வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு, இங்கெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது பெண்கள்தான் அதிகம், அதனால் பெண்களிடம் ஒரு பெண்ணை வைத்துப் பேசச் சொல்.


மலைத்தோட்டம் எழுதியது:

எங்கள் தாத்தா காலத்திலிருந்து உண்ணி கடித்தால் சுண்ணாம்பு வைப்போம், இல்லையென்றால் மண்ணெண்ணெய் தொட்டு வைப்போம், தானே விழுந்துவிடும். வேலைக்குப் போகும்போது வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து காலில் தேய்த்துக்கொண்டால் ஒன்றும் ஏறாது. எதற்கு இவ்வளவு பயம்? அந்தக் கொடிகளை எல்லாம் குவித்துத் தீ வைத்துவிட்டால் வேலை சுத்தம்.


செவிலி அக்கா எழுதியது:

அண்ணா, வேப்பெண்ணெய் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் வியர்வையில் சீக்கிரம் போய்விடும், அதை நம்பி வேறு எதையும் செய்யாமல் இருக்கக்கூடாது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, தீக்குச்சிச் சூடு, இவை எதுவும் வேண்டாம். உண்ணியைச் சீண்டினால் அது தன் எச்சிலை இன்னும் உள்ளே விடும், நோய்க்கிருமி இருப்பதே அங்கேதான். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. எடுத்த பிறகு இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கசகசா அளவு குஞ்சு உண்ணி கூட்டமாக ஏறியிருந்தால் ஒவ்வொன்றாக எடுக்க முடியாது, அகலமான செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், கடிக்க ஆரம்பிக்காதவை எல்லாம் அதில் வந்துவிடும். அந்த டேப்பை மடித்து ஒட்டிவிட்டால் அதற்குள்ளேயே கிடக்கும்.

தீ வைப்பது பற்றிச் செடி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


முந்திரிக்காடு எழுதியது:

நான் சொல்கிறேன். எனக்குப் பண்ருட்டிப் பக்கம், அப்பா முந்திரி உடைக்கும் வேலை பார்த்தவர், கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெயில் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உட்காருவார். அதனால் கையில் கொப்புளம், முகம் வீக்கம் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது சேராங்கொட்டை இனம்தான். முந்திரி, மா, சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் மலையில் "சேர்" என்று சொல்லும் மரமும் அதே குடும்பம்தான், மலையாளத்திலும் அதே பெயர். வெட்டிய இடத்தில் வடியும் பால் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் தார் போலக் கறுத்துப்போனால் அந்த மரத்தைத் தொடாதீர்கள். உங்கள் அண்ணனுக்கு முந்தாநாள் வெட்டியதற்கு நேற்றுக் கொப்புளம் வந்ததும் இதோடு பொருந்துகிறது. இது ஒவ்வாமை, பட்டவுடன் தெரியாது, பெரும்பாலும் ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். முகம் வீங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வயநாட்டுப் பக்கம் சேர் பட்டால் தான்றி மரத்தைச் சுற்றி வந்து வேண்டிக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, சுற்றட்டும், ஆனால் அதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போகட்டும். ஏனென்றால் அந்தப் பால் தோலில் பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நிறையத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளிப்பது இதற்கு உதவாது, வேலை செய்யும் இடத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும். கத்திப் பிடியில் ஒட்டிய பால் பல நாள் கழித்தும் வேலை செய்யும், அதனால் கத்தி, கடப்பாரை, மண்வெட்டிப் பிடி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கொப்புளத்துத் தண்ணீர் பட்டு மற்றவர்களுக்குப் பரவாது, அந்த அண்ணனைத் தனியே உட்கார வைக்காதீர்கள்.

தீ மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தப் பாலின் காரம் புகையோடு கண்ணுக்கும் மூச்சுக்கும் போகும், தோலில் கொப்புளம் வந்தது போல உள்ளே வந்தால் தாங்க முடியாது.

பருத்திக் கையுறை இதற்குச் சரிப்படாது, பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரப்பரிலும் ஊடுருவும். கனமான பிவிசி அல்லது நைட்ரைல் கையுறை, முழங்கை வரை நீளமாக இருப்பது வாங்குங்கள்.

அப்புறம் அந்தத் தம்பி கழுத்தில் கொட்டியது பூனைக்காலியாகத்தான் இருக்கும், உங்கள் ஊரில் நாய்க்குரணை என்றும் சொல்வார்கள். காய் முற்றும் பருவத்தில் பொன்னிற வெல்வெட் மாதிரி சுணை மூடியிருக்கும், காய்ந்துவிட்டால் கொடியை அசைத்தாலே பறக்கும். பட்டால் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உள்ளே இறங்கும். செல்லோ டேப்பால் ஒட்டி எடுத்துவிட்டு அப்புறம் கழுவ வேண்டும். செந்தட்டிக்கும் அதே வழிதான், அதன் சுணை ஊசி மாதிரி தோலில் குத்தும். ஆனைவிரட்டி என்று பெரிய இலையோடு ஒரு காஞ்சொறி உண்டு, பெயரே சொல்லிவிடும், அது இருக்கும் ஓடைக்கரைப் பக்கம் ஆளை இறக்காதீர்கள். எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு நேரே கண் டாக்டரிடம் போக வேண்டும். எருக்கம்பால் சில பேருக்கு வலிக்காது, பார்வைதான் மங்கும், வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.


பத்தேரி வாட்சர் எழுதியது:

தம்பி, நான் சுல்தான் பத்தேரிப் பக்கம் காட்டில் வாட்சராக இருந்தவன். குரங்குக் காய்ச்சல் பற்றிக் கேட்டாய், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த நோய் இது. கன்னடத்தில் மங்கன காயிலெ என்பார்கள். ரொம்ப வருடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது, அப்புறம் 2012 கடைசியில் பந்திப்பூரில் காட்டு வேலை ஆட்களுக்கு வந்தது, அதையடுத்து நீலகிரியிலும் செத்த குரங்குகளில் வைரஸ் இருந்தது, 2013இல் வயநாட்டுக்கு வந்தது, 2015இல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் படுத்தார்கள், பத்துக்கு மேல் உயிர் போனது. பெரும்பாலும் விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போன பழங்குடி மக்கள். உன் இடம் இதற்கெல்லாம் நடுவில் இருக்கிறது, ஆகையால் உன் பயம் நியாயமானது. டிசம்பரிலிருந்து மே வரைதான் காலம், குஞ்சுப் பருவத்து உண்ணிதான் மனிதனை அதிகம் கடிக்கும், கண்ணில் படாத சைஸ்.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அதன் மேலிருந்த உண்ணியெல்லாம் இறங்கிச் சுற்றிலும் பரவிவிடும். யாரும் கிட்டப் போகக் கூடாது, குச்சியால் புரட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் உடனே சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து வேலையை நிறுத்திவிடு. இதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில், செடி நுனியில் ஏறி முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசினால் தொற்றிக்கொள்ளும். மாடு நடக்கும் பாதை ஓரமும் காய்ந்த சருகு மெத்தையும்தான் அதற்கு வீடு. உன் ஆட்கள் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார், நிழலுக்காக அந்தச் சருகின் மேலேயேதான் உட்காருவார்கள், சாப்பாட்டுப் பையையும் புதரிலேயே மாட்டுவார்கள். ஒரு இடத்தைப் பெருக்கி வெளிர் நிறத் தார்ப்பாய் விரி, பைகளைக் கயிறு கட்டித் தொங்கவிடு. வெளிர் நிறம் என்றால் ஊர்வது தெரியும்.

உடைக்கு வருகிறேன். பேன்ட் கால் சாக்ஸுக்குள், சாக்ஸ் பூட்ஸுக்குள், சட்டை பேன்ட்டுக்குள். எங்களுக்கு முன்பு டிஎம்பி என்ற பூச்சி விரட்டி எண்ணெய் கொடுத்தார்கள், உன் ஊர் சுகாதார ஆய்வாளரிடம் கேள், பூச்சி விரட்டி எண்ணெய் இருந்தால் காட்டு வேலைக்குக் கேட்டு வாங்கலாம். கடையில் வாங்கினால் டீட் (DEET) என்ற பூச்சி விரட்டி மருந்து உள்ளதாகப் பார், கொசுவுக்கு விற்பதுதான், கை கால் கணுக்கால் என்று தடவி, வியர்வை அதிகமானால் மதியம் மறுபடி தடவ வேண்டும். குரங்குக் காய்ச்சலுக்கு இருந்த பழைய தடுப்பூசியை நிறுத்திவிட்டார்கள், அதை நம்பி இருக்க முடியாது.

காய்ச்சல் திடீரென்று வரும், தலை பிளக்கும், கண் சிவக்கும், இடுப்பும் கெண்டைக்காலும் முறிந்துபோனது போல வலிக்கும். சில பேருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வரும். அதற்கென்று மருந்து கிடையாது, ஆனால் சீக்கிரம் படுக்க வைத்துத் திரவம் ஏற்றி, இரத்தக் கசிவைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், வலி ஊசி எதுவும் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, இரத்தக் கசிவு கூடும். ஆளுக்கு ஆள் தொற்றாது, ஆகவே வீட்டில் ஒதுக்கி வைக்க வேண்டாம்.


கூடலூர்க்காரன் எழுதியது:

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த அண்ணனை அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன், வீக்கம் இறங்கிவிட்டது. அவர் வெட்டிய கிளையைப் போய்ப் பார்த்தேன், வெட்டுவாய் முழுக்கக் கறுப்பு, நீங்கள் சொன்னது போலவே தார் மாதிரி.

ஒரு சந்தேகம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடுவது ஆண்களுக்குச் சரி. பெண்கள் புடவை, பாவாடையில் வருகிறார்கள், பேன்ட் போடச் சொன்னால் தயங்குகிறார்கள். வற்புறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. அப்புறம், தினமும் உடம்பைப் பார்க்கச் சொன்னால், வீட்டுக்குப் போனதும் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள் என்று வேலை இருக்கும்போது எங்கே நேரம் என்கிறார்கள்.


காட்டுவேலை அக்கா எழுதியது:

நான் திருவண்ணாமலைப் பக்கம், நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புதர் வெட்டுபவள், மகள் தட்டச்சு செய்கிறாள். தம்பி, நாங்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் முழுக்கைச் சட்டை போடுவோம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். பேன்ட் என்று சொல்லாதீர்கள். பாவாடைக்கு உள்ளே போடும்படி கணுக்கால் வரை இறுக்கமான லெக்கின்ஸ் வாங்கிக் கொடுங்கள், அதன் மேல் நீளமான சாக்ஸ், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வேலை பார்க்கலாம். எங்கள் குழுவில் முதலில் இரண்டு பேர்தான் போட்டோம். ஒரு வாரம் கழித்துக் கால் கீறலே இல்லை என்று பார்த்து எல்லோரும் கேட்டார்கள். பார்த்தீனியம் பிடுங்கும்போதும் இதே உடைதான், அது வருடக் கணக்காகத் தொட்டுத் தொட்டு ஒருநாள் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துப்போகும், வெயிலில் நின்றால் எரியும். எனக்கு வந்து மூன்று வருடம், பூ விடும் காலத்தில் இன்னும் வருகிறது. பூப்பதற்கு முன்னால் பிடுங்கச் சொல்லுங்கள்.

உடம்பு பார்ப்பது பற்றிச் சொன்னீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார் என்றால் நடக்காது, நடக்கவே நடக்காது. வேலை நேரத்திலேயே கொடுங்கள். கடைசி அரை மணி நேரம், கூலியோடு. தார்ப்பாயால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தால் நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி முதுகு, முட்டிக்குப் பின்னால், காது மடல், தலைமுடி எல்லாம் பார்த்துக்கொள்வோம். காய்ச்சல் வந்தால் கூலி போகும் என்ற பயத்தில்தான் மறைக்கிறோம், அதையும் யோசியுங்கள். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைக்கு முழுக் கூலி என்று முதலாளியிடம் பேசி முடிவு செய்யுங்கள், அப்புறம் பாருங்கள், முதல் நாளே வந்து சொல்வார்கள்.


செவிலி அக்கா எழுதியது:

இந்த அக்கா சொன்னதுதான் நான் எழுதியதைவிட முக்கியம். ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள், வேலை உடையை அங்கேயே கழற்றிக் கட்டிய பையில் போட்டு எடுத்துப் போகட்டும், வீட்டில் சுடுதண்ணீரில் ஊற வைத்து நல்ல வெயிலில் காயப் போடட்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாவதில்லை. வேலை உடையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம்.


கூடலூர்க்காரன் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், உள்ளே சிக்னல் இல்லை.

நாலரைக்கு முடித்த வேலையை நாலு மணிக்கு முடிக்கிறோம், கூலி குறைக்கவில்லை. முதலாளியைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆனது, அந்த அண்ணனின் மருத்துவச் செலவையும் எட்டு நாள் ஆள் இல்லாமல் போனதையும் கணக்குப் போட்டு எழுதிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். காய்ச்சல் நாளுக்கு அரைக் கூலிதான் கிடைத்திருக்கிறது, முழுக் கூலிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தண்ணீர் டிரம், சோப்பு, இடுக்கி நாலு, டேப் ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, பெண்களுக்குத் தார்ப்பாய் மறைப்பு. லெக்கின்ஸ் ஏழு பேர் போடுகிறார்கள். முதல் நாள் டேப்பில் ஒட்டி வந்த உண்ணியை எண்ணிப் பார்த்தோம், 18 பேரிடமும் சேர்த்து அறுபதுக்கு மேல். நேற்று ஒன்பது.

போன வாரம் ஒரு அக்கா காய்ச்சல் என்று முதல் நாளே வந்து சொன்னார், "நான் காட்டில் புதர் வெட்டினேன்" என்று டாக்டரிடம் அவரே சொன்னாராம். பரிசோதனை செய்தார்கள், பயப்படும்படி எதுவும் இல்லை, நாலு நாளில் திரும்பிவிட்டார்.

பணியர் காலனியிலிருந்து வரும் பெரியம்மா ஒருவருக்கு இந்தச் செடிகள் எல்லாமே ஏற்கெனவே தெரிந்திருந்தது, யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது காலையில் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் அவரோடு ஒரு சுற்று நடந்து பார்க்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்குக் கூலி உண்டு. நாய்க்குரணை படர்ந்த புதர், சேர் மரம், ஆனைவிரட்டி, எது இருந்தாலும் அவர் காட்டுவார், நான் சிவப்புத் துணி கட்டுவேன். நாளைக்கு இறங்கப்போகும் மேட்டில் இன்று ஐந்து துணி கட்டியிருக்கிறோம்.